மூக்கும் முழியும்

ஆல்பர்ட் உடெர்ஸோ வரைந்த கிளியோபாட்ராவுக்கு ஒரு மூக்கு உண்டு. கதை நெடுக அதைப் பற்றியே பேச்சு. ‘ஆஸ்டெரிக்ஸும் கிளியோபாட்ராவும்’ 1963-ல் ‘பிலோத்’ என்ற பிரெஞ்சு வார இதழில் தொடராக ஆரம்பித்து, 1965-ல் ஆல்பமாக வந்தது. அரசி சீறினாலும் சரி, சிரித்தாலும் சரி, பார்த்தவர்கள் கடைசியில் வந்து நிற்பது அந்த மூக்கின் அழகில்தான். கிளியோபாட்ராவின் மூக்கு இன்னும் கொஞ்சம் சிறுத்திருந்தால் உலக வரலாறே வேறாகியிருக்கும் என்று 17-ஆம் நூற்றாண்டில் பாஸ்கல் போட்ட ஒரு போடு, கதாசிரியர் கோசினியின் கையில் ஓயாத நகைச்சுவையாகிவிட்டது.

கிட்டத்தட்ட பத்தாண்டு கழித்து, 1972-ல், ரியோகோ இகேதா ஜப்பானில் இன்னொரு அரசியை வரைந்தார். ‘வெர்சாய் ரோஜா’வில் வரும் மரி அந்துவானெத். அவளுக்கும், ஆண் உடையில் அவளைக் காவல் காக்கும் ஆஸ்கருக்கும் நேர்ப்பார்வையில் மூக்கு என்று இருப்பது ஒரு சிறு கீற்று. கண்களோ முகத்தின் பெரும்பகுதியைப் பிடித்துக்கொள்கின்றன. கருவிழிக்குள் விண்மீன்கள், இமையோரம் மை, துளும்பி நிற்கும் நீர். முன்நெற்றி முடி கண்ணை மறைத்தாலும் மறைக்காது: புருவத்தையும் இமையையும் முடிக்கு மேலேயே வரைந்துவிடுவது ஜப்பானியக் காமிக்ஸான மாங்காவில் சகஜம். எதை வேண்டுமானாலும் விட்டுக்கொடுப்பார்கள், கண்ணை மட்டும் விடமாட்டார்கள்.

ஐரோப்பியக் காமிக்ஸுக்கும் மாங்காவுக்கும் இடையில் மனித உருவத்தை வரைவதில் உள்ள வேறுபாட்டை மூக்கிலிருந்தும் கண்ணிலிருந்தும் தொடங்குவதே சரி என்று எனக்குப் படுகிறது. நம் காமிக்ஸ் வாசகர்கள் பலர் தொடங்குவது வேறு இடத்தில். ஐரோப்பியர் வரைவது நிஜ மனிதர், ஜப்பானியர் வரைவது முட்டைக்கண் பொம்மை என்பது அவர்கள் தீர்ப்பு. சிவகாசித் தமிழ்ப் பதிப்புகள் வழியாகக் கேப்டன் டைகரையும் ‘இரத்தப் படல’த்தையும் டெக்ஸ் வில்லரையும் படித்து வளர்ந்தவர்களுக்கு இப்படித் தோன்றுவது இயல்பு. ஐரோப்பாவிலிருந்து நாம் விரும்பி வாங்கிய சரக்கில் பெரும்பகுதி யதார்த்த பாணிச் சரக்கு. ஆனால் அந்தத் தீர்ப்பு செல்லாது. ஐரோப்பாவின் மிகப் புகழ்பெற்ற முகம் டின்டினுடையது. 1929 ஜனவரி 10-ஆம் தேதி பிரஸ்ஸல்ஸில் பிறந்த அந்த முகத்தில் இருப்பவை ஒரு வட்டம், இரண்டு புள்ளி, ஒரு வாய்க்கோடு, மேலே தூக்கிய ஒரு முடிக்கற்றை. லக்கி லூக்கின் கண்ணும் புள்ளிதான். மறுபக்கம், தகேஹிகோ இனோவேயின் ‘வேகபாண்ட்’ தொடரில் வரும் முசாஷியின் தாடை நரம்பையும் கண்ணோரச் சுருக்கத்தையும் பார்த்தவர் யாரும் மாங்காவைப் பொம்மைக்கடை என்று சொல்லத் துணியமாட்டார். பின்னணியை நுணுக்கமாகவும் ஆளை எளிமையாகவும் வரைவதுதான் மாங்காவின் தனி உத்தி என்ற வாதமும் நிற்காது. டின்டினை வரைந்த ஹெர்ஜே அதையே செய்தார் என்பதை ஸ்காட் மெக்லவுட் 1993-லேயே எடுத்துக்காட்டிவிட்டார்.

அப்படியானால் வேறுபாடு எங்கே இருக்கிறது? முகத்திடம் என்ன வேலை வாங்குகிறார்கள் என்பதில்.

ஐரோப்பாவில் முகம் ஓர் அடையாள அட்டை. இதற்கு நீண்ட வம்சாவளி உண்டு. ஜெனீவாவில் பள்ளி நடத்திய ருடால்ஃப் டோப்ஃபர், படக்கதையின் முன்னோடிகளில் முதன்மையானவர். 1845-ல் முகங்களைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். எவ்வளவு கோணலாகக் கிறுக்கினாலும் ஒரு மூக்கும் வாயும் சேர்ந்த உடனே அங்கே ஒரு குணம் வந்து உட்கார்ந்துவிடுகிறது, மோவாயைக் கொஞ்சம் இழுத்தால் முட்டாளும் மேலுதட்டைக் கொஞ்சம் நீட்டினால் கஞ்சனும் பிறந்துவிடுகிறார்கள் என்ற வகையில் கோடு கோடாகப் போட்டுக் காட்டினார். அதற்குப் பதினான்கு ஆண்டுகள் முன்பு, 1831-ல், பாரீசில் கேலிச்சித்திர வழக்கில் மாட்டிய ஃபிலிப்போன் நீதிமன்றத்திலேயே மன்னர் லூயி ஃபிலிப்பின் முகத்தைப் பேரிக்காயாக மாற்றிக் காட்டினார். இந்தக் கேலிச்சித்திர மரபின் பேரப்பிள்ளைகள்தான் உடெர்ஸோவும் ஃப்ராங்கானும் மோரிஸும். பிரெஞ்சுக்காரர்கள் தங்கள் நகைச்சுவைப் பாணியையே பெரிய மூக்குப் பாணி என்றுதான் அழைக்கிறார்கள். ஆஸ்டெரிக்ஸின் கிராமத்தில் நாலு பேர் அடித்துப் புரளும்போது புழுதிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மூக்கை வைத்தே மீன்காரன் யார், கொல்லன் யார் என்று சொல்லிவிடலாம்.

இந்தக் கேலி மரபு எல்லாவற்றையும் விளக்கிவிடாது. பக்கத்தின் அளவையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பழைய பிரெஞ்சு-பெல்ஜிய வார இதழ்களில் ஒரு தொடருக்கு வாரம் ஒன்று அல்லது இரண்டு பக்கம்தான் கிடைக்கும். அதற்குள் கதை நகர வேண்டும், ஒரு சிரிப்பு வர வேண்டும், கடைசிக் கட்டத்தில் ஒரு கொக்கி போட வேண்டும். ஆகவே நாலு வரிசை, பத்துப் பன்னிரண்டு கட்டங்கள், அவற்றில் பேச்சுக் குமிழ்களும் இடம் கேட்கும். ஆள் ஓடுவதோ விழுவதோ தெரிய வேண்டுமானால் முழு உருவத்தைக் காட்டியாக வேண்டும். முழு உருவத்தைக் காட்டினால் முகம் கட்டைவிரல் நகத்தைவிடச் சிறியதாகிவிடும். அந்த அளவில் கண்ணுக்குள் விண்மீன் வைக்க இடமேது? புள்ளிதான் வைக்க முடியும். ஆனால் மூக்கு அந்த அளவிலும் தெரியும், நிழலுருவிலும் தெரியும், முதுகைக் காட்டித் திரும்பி நின்றால்கூட விளிம்பில் தெரியும்.

ஜப்பானில் நிலைமை வேறு. 1968-ல் தொடங்கிய ‘ஷோனென் ஜம்ப்’ போன்ற வார இதழில் ஒரு தொடருக்குச் சுமார் 19 பக்கம். மட்டமான தாள், ஒரே மை, படித்துவிட்டுத் தூக்கிப்போடும் தடித்த புத்தகம். பக்கத்துக்கு ஐந்தாறு கட்டம் போதும். சில நேரம் ஒரு முகத்துக்கே முழுப் பக்கம். இடம் தாராளமாகக் கிடைத்தது, வண்ணம் கிடைக்கவில்லை. உதவியாளர்கள் பின்னணிக் கட்டடங்களை வரைந்து புள்ளித்தாளை வெட்டி ஒட்ட, தலைமை ஓவியர் முகத்தை எடுத்துக்கொண்டார். அங்கே கண் வளர்ந்தது.

இதோடு நிறுத்திக்கொண்டு ‘எல்லாம் பொருளாதாரம்’ என்று கையைத் தட்டிவிட்டுப் போகிற கட்டுரைகள் ஏராளம். எனக்கு அது பத்தாது. காரணம், டெக்ஸ் வில்லர். 1948-ல் ஜான் லூயிஜி பொனெல்லி எழுத, அவுரேலியோ கல்லெப்பீனி வரைந்து தொடங்கிய இத்தாலியக் கௌபாய். கறுப்பு-வெள்ளை. மாதாமாதம் நூற்றுக்கு மேற்பட்ட பக்கங்கள். பக்கத்துக்குப் பெரும்பாலும் மூன்று வரிசை, ஆறு கட்டம். மலிவு விலை, பல ஓவியர்கள் பங்குபோட்டு வரையும் தொழிற்சாலை வேகம். மாங்காவை மாங்காவாக்கிய சூழ்நிலை அத்தனையும் இங்கே உண்டு. ஆனால் டெக்ஸின் கண் வளரவே இல்லை. இடுங்கிய கண், இறுகிய தாடை, தொப்பியின் நிழல். கிட் கார்சன் நண்பனுக்காகப் பதறும்போதும் அவர் பதற்றம் தாடியின் அசைவில்தான் தெரியும். இடமும் தாளும் மையும் ஒரே மாதிரி இருந்தும் முகம் வேறாகிறது என்றால், இன்னொரு காரணத்தைத் தேடித்தான் ஆக வேண்டும். அது வாசகர். இன்னும் கறாராகச் சொன்னால், வாசகி.

மாங்காக் கண்ணின் வரலாற்றைச் சொல்பவர்கள் ஒசாமு தெசூகாவையும் டிஸ்னியையும் சொல்லிவிட்டு ஓய்ந்துவிடுகிறார்கள். இன்னும் சிலர் உற்சாகமாக ஹொகுசாய்வரை போய்விடுவார்கள். பின்னது வெறும் பெருமைப் பேச்சு. பழைய ஜப்பானிய மர அச்சுப் படங்களில் முகம் பெரிதாக வரும் தொகுதிகளில் புகழ்பெற்றவை 1794-95-ல் சில மாதங்களே வரைந்து மறைந்துபோன ஷாராகுவின் நடிகர் படங்கள். அவற்றில் கண் சின்னஞ்சிறு கடுகு. மூக்குத்தான் முகத்தை ஆள்கிறது. உடெர்ஸோவிடம் கொடுத்திருந்தால் பங்காளி என்று கட்டிக்கொண்டிருப்பார். ஆகவே பெரிய கண் ஜப்பானின் ரத்தத்தில் ஊறியது என்ற கதை கிடக்கட்டும். தெசூகா டிஸ்னியிடம் கற்றது உண்மை. அவர் வளர்ந்த ஊர் தகராசூகா, பெண்களே ஆண் வேடமும் கட்டும் இசைநாடகக் குழுவுக்குப் பேர்போன ஊர் என்பதும் உண்மை. மேடை விளக்கில் பளபளக்கும் மை தீட்டிய கண்கள் அங்கிருந்து அவர் தாளுக்கு வந்தன. ஆனால் அவருக்கு முன்பே, 1930-களில், ஜுன்இச்சி நகஹாரா சிறுமியர் இதழ்களில் பெருங்கண் பெண்களை வரைந்துகொண்டிருந்தார். 1950-களில் மகோட்டோ தகஹாஷி அந்தக் கண்ணுக்குள் விண்மீனை வைத்தார். 1970-களில் மோட்டோ ஹாகியோ, கெய்கோ தகேமியா, இகேதா போன்ற இளம் பெண்கள் அந்தக் கண்ணை வாங்கி, அதற்குள் ஒரு மனத்தையே குடியேற்றினார்கள். சொல்லப்படாத காதல், குற்றவுணர்ச்சி, பொறாமை, சாவு எல்லாமே அந்தக் கண்ணின் ஒளி கூடுவதிலும் குறைவதிலும் தெரிந்தன. பையன்கள் இதழ்கள் பிறகு அந்தக் கண்ணை எடுத்துக்கொண்டன.

ஐரோப்பாவில் அதே காலத்தில் என்ன நடந்தது? 1949 ஜூலை 16-ஆம் தேதி பிரான்ஸ் இளைஞர் வெளியீடுகளுக்காக ஒரு சட்டம் கொண்டுவந்தது. கண்காணிக்க ஒரு ஆணையமும் அமைத்தது. பிரெஞ்சுச் சந்தையை நம்பியிருந்த பெல்ஜியப் பதிப்பகங்களும் சேர்ந்து பயந்தன. பெண் பாத்திரம் என்றாலே வம்பு என்று ஒதுக்கினார்கள். டின்டினின் உலகத்தில் நினைவில் நிற்கும் ஒரே பெண் பாடகி காஸ்டஃபியோரே. ஸ்மர்ஃப் கிராமத்தில் ஒருத்தி. காதல் பேசக்கூடாது, கண்ணீர் அதிகம் கூடாது, பெண் வரவே கூடாது என்றால் கண்ணை எதற்கு வளர்ப்பார்கள்? ஆக, நாம் கண்டத்தின் பெயரால் பேசும் வேறுபாட்டில் பாதி, யாருக்காக வரைந்தார்கள், யார் வரைந்தார்கள் என்பதன் வேறுபாடு. ஐரோப்பிய முகம் பையன்களுக்காக ஆண்கள் வரைந்த முகம். மாங்காவின் முகத்தைச் செதுக்கியதில் பெண்களின் பங்கு பெரிது.

இனி எடை போடலாம். முதலில் ஐரோப்பியர் பக்கம்.

‘திபெத்தில் டின்டின்’ தொடக்கத்தில் ஒரு பெரிய கட்டம் உண்டு. விடுதிக் கூடத்தில் ஹாடாக்கோடு சதுரங்கம் ஆடியபடி டின்டின் கண்ணயர்ந்துவிடுகிறான். கனவில் நண்பன் சாங் பனியில் சிக்கித் தவிக்கிறான். அவன் பெயரை உரக்கக் கத்திக்கொண்டே டின்டின் விழித்தெழுகிறான். ஹெர்ஜே இந்தக் கணத்தில் டின்டினின் முகத்துக்கு அருகில் போகவே இல்லை. விலகி நின்று மொத்தக் கூடத்தையும் காட்டுகிறார். தேநீர் குடித்துக்கொண்டிருந்தவர்கள், பேசிக்கொண்டிருந்தவர்கள், தூங்கிக்கொண்டிருந்தவர்கள் அத்தனை பேருக்கும் தூக்கிவாரிப் போடுகிறது, ஆளுக்கொரு விதமாக. ஒருவனின் மனத்தில் நேர்ந்த அதிர்ச்சியை இருபது உடம்புகளில் வரைந்திருக்கிறார். டின்டினின் முகம் அந்தக் கூட்டத்தில் ஒரு சிறு வட்டம். அது எதையும் விளக்க வேண்டியதில்லை. எந்த மாங்கா ஓவியராக இருந்தாலும் இந்த இடத்தில் விரிந்த கண் இரண்டை மட்டும் வைத்து இரு பக்கங்களை நிரப்பியிருப்பார். அதுவும் வேலை செய்திருக்கும். ஆனால் அந்தக் கூடம் போயிருக்கும். ஒரு மனிதன் தனியாக அனுபவிக்கும் துயரம் அடுத்தவர் தேநீரைச் சிந்த வைக்கும் அபத்தமும் போயிருக்கும். மனிதர்களை மற்ற மனிதர்களுக்கு நடுவில் வைத்துப் பார்ப்பதில் இந்த மரபுக்கு இணை இல்லை. உடெர்ஸோவின் கடைசிப் பக்க விருந்துகளில் இருபது பேர் மேசையைச் சுற்றி இருந்தால் இருபது பேருக்கும் தனித்தனிப் பசி இருக்கும்.

ஆனால் ஐரோப்பாவில் பாணி என்பது ஒரு சிறை. நகைச்சுவைக்கு ஓர் அறை, யதார்த்தத்துக்கு ஓர் அறை, இடையில் சுவர். 1959-ல் ‘பிலோத்’ தொடங்கியபோது உடெர்ஸோ அதே இதழில் ஆஸ்டெரிக்ஸை உருண்டை மூக்கோடும், ‘தாங்கீ, லாவெர்டியூர்’ என்ற விமானிகளின் கதையை யதார்த்தமாகவும் வரைந்தார். இரண்டு கதைகளின் ஆட்களும் ஒருவரையொருவர் சந்திக்கவே முடியாது. ஜான் ஜிரோவின் கதை இன்னும் வேடிக்கை. 1963 முதல் சார்லியே எழுத, ‘ப்ளூபெர்ரி’யை வரைந்தார், நம் கேப்டன் டைகர்தான். வேறு மாதிரி வரைய ஆசை வந்தபோது பெயரையே மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. ஜிர் என்று கையெழுத்திட்டால் புழுதியும் வியர்வையும் படிந்த தூரிகை. மோபியஸ் என்று கையெழுத்திட்டால் தூசில்லாத மெல்லிய பேனாக் கோடு, 1975-ன் ‘ஆர்ஸாக்’. ஜப்பானில் ஒரே பக்கத்தில் செய்வதற்கு ஐரோப்பாவில் ஓர் ஓவியருக்கு இரண்டு பிறவி தேவைப்பட்டது.

ஆம், ஒரே பக்கத்தில். இனோவேயின் ‘ஸ்லாம் டங்க்’கை எடுங்கள். 1990-ல் தொடங்கி 1996-ல் முடிந்த கூடைப்பந்துக் கதை. நாயகன் சகுராகி ஒரு கட்டத்தில் தசை முறுகிய உயரமான இளைஞன். அடுத்த கட்டத்தில் மானம் போனதும் மூன்று தலை உயரக் குள்ளப் பொம்மையாகிக் கண்ணுக்குப் பதில் இரண்டு வெள்ளை ஓட்டையோடு குதிக்கிறான். அதற்கடுத்த கட்டத்தில் மறுபடி இளைஞன். வாசகர் யாரும் ‘இது யார்’ என்று கேட்பதில்லை. உருவம் மனநிலையின் பின்னாலேயே ஓடுகிறது. டின்டின் இப்படிக் குள்ளமானால் அச்சுப்பிழை என்றுதான் நினைப்போம். இளவயதில் ஒருவனுக்குத் தன் உடம்பே ஒரு நாள் மலையாகவும் மறுநாள் கடுகாகவும் தெரியும் அனுபவத்தை வரைவதற்கு, எனக்குத் தெரிந்து, உலகக் காமிக்ஸில் இதைவிடச் சிறந்த கருவி இல்லை. ஐரோப்பிய யதார்த்தப் பாணி இங்கே கட்டையாக நிற்கிறது. இ.பி. ஜேக்கப்ஸின் பிளேக்கும் மோர்டிமரும் எரிமலை வெடித்தாலும் புகைப்படத்துக்கு நிற்பதுபோலத்தான் நிற்பார்கள். ‘இரத்தப் படல’த்தில் வில்லியம் வான்ஸின் பதின்மூன்றாம் நம்பர் நாயகனுக்கு நினைவு போய்விட்டது என்பதை வசனம் சொல்கிறது, முகம் சொல்வதில்லை.

மாங்காவின் மேல் உள்ள பெரிய குற்றச்சாட்டு, ஒரே முகம் என்பது. அதில் உண்மை இருக்கிறது. கறுப்பாக நிரப்பிய முடி, வெள்ளையாக விட்ட முடி, புள்ளித்தாள் ஒட்டிய சாம்பல் முடி, கூர்கூராக நிற்பது, சரிந்து விழுவது: அடையாளம் முழுவதையும் தலைமுடியில் ஏற்றிவிட்டு முகத்தை அச்சில் வார்த்துவிடும் தொடர்கள் நூற்றுக்கணக்கில் உண்டு. மித்சுரு அதாச்சியின் நாயகர்கள் முப்பது ஆண்டுகளாக ஒரே பையன். அவரே அதைத் தன் கதைகளுக்குள் கேலி செய்வார். இதைச் சோதிக்க ஒரு எளிய வழி, எல்லோருக்கும் மொட்டையடித்துப் பார்ப்பது. யார் யாரென்று தெரிந்தால் ஓவியர் தேர்ச்சி. இனோவே இந்தச் சோதனையைக் கதையிலேயே நடத்திக் காட்டினார். கைனான் அணியிடம் தோற்ற அவமானத்தில் சகுராகி தன் செம்பட்டைச் சுருளை ஒட்ட வெட்டிக்கொண்டு வருகிறான். நாயகனின் முத்திரையே அந்த முடிதான். ஆனாலும் வெட்டிய பிறகு அவன் சகுராகியாகவே இருக்கிறான். இதில் வெற்றி பெறும் மாங்காக்காரர்கள் குறைவு. ஐரோப்பியர்களில் பெரும்பாலோர் தேர்ச்சி பெறுவார்கள். ஒரு ஆள் மட்டும் தோற்பார்: டின்டின். அந்த முடிக்கற்றையை வெட்டினால் அவன் யாருமில்லை.

ஆண்களை வைத்துச் சோதித்தால்தான் இந்தத் தேர்ச்சி. ஒபெலிக்ஸ் மயங்கி மரத்தில் மோதும் ஃபல்பாலாவை, 1967-ன் ‘போர்வீரன் ஆஸ்டெரிக்ஸ்’ கதையில் பாருங்கள். கிராமத்து ஆண்கள் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு மூக்கைப் பொறுமையாகச் செதுக்கிய உடெர்ஸோ, அழகி வந்ததும் மூக்கைக் காணாமல் ஆக்கிவிடுகிறார். சின்ன மூக்கு, பெரிய கண், நீண்ட இமை. அடுத்தடுத்த கதைகளில் வரும் அழகிகளும் அதே வார்ப்பு. முடியின் நிறம்தான் வேறு. மாங்காவிடம் நாம் சாட்டும் குற்றம் அப்படியே இங்கே இருக்கிறது, பெண்களுக்கு மட்டும். கிளியோபாட்ரா தப்பித்தது அவள் மூக்கு வரலாற்றில் முன்பே பதிவாகியிருந்ததால். பெண்ணுக்கும் சொந்த மூக்கு உண்டு என்று பிரெஞ்சுக் காமிக்ஸுக்கு உரக்கச் சொல்ல ஒரு பெண்தான் வரவேண்டியிருந்தது. 1973-ல் கிளேர் பிரெத்தேஷர் ‘நூவெல் ஒப்ஸர்வாத்தர்’ வார இதழில் வரையத் தொடங்கிய நடுத்தர வர்க்கப் பெண்கள் நீண்ட மூக்கும் தொங்கிய இமையுமாகச் சோபாவில் சரிந்து கிடந்தார்கள். அந்தச் சரிவில் இருக்கும் சலிப்பைப் போல எந்த விண்மீன் கண்ணும் சொல்லவில்லை.

மூக்கு மரபின் கறை இதைவிட ஆழமானது. குணத்தை உறுப்பில் எழுதிவைக்கும் கலைக்கு இனத்தை உறுப்பில் எழுதிவைப்பது ஒரு அடி தூரம்தான். 1930-31-ன் ‘காங்கோவில் டின்டின்’ அந்த அடியை எடுத்து வைத்தது. ஆஸ்டெரிக்ஸின் கடற்கொள்ளையர் கப்பலில் பாய்மர உச்சியில் இருக்கும் ஆப்பிரிக்கனின் சிவந்த தடித்த உதடுகள் பல பத்தாண்டுகள் அப்படியே தொடர்ந்தன. இதில் மிகவும் யோசிக்க வைப்பது ‘நீலத் தாமரை’. 1934-ல் சாங் சோங்ரென் என்ற சீன மாணவரோடு ஹெர்ஜே நட்பானார். சீனர்களைக் கேலி உருவமாக வரையாமல், பார்த்து வரையக் கற்றார். அந்தக் கதையில் வரும் சீனர்கள் தனித்தனி மனிதர்கள். ஆனால் அதே கதையின் ஜப்பானிய வில்லன் மித்சுஹிராத்தோவைத் துருத்திய பல்லும் பன்றி மூக்குமாக வரைந்தார். தெரிந்தவனுக்கு முகம் கிடைத்தது, தெரியாதவனுக்குக் கேலி கிடைத்தது. தெசூகாவும் இந்த விஷயத்தில் உத்தமர் இல்லை. அவருடைய பழைய கதைகளில் கறுப்பின மக்களின் உருவங்கள் அமெரிக்கக் கார்ட்டூன்களின் நகல். ஜப்பானியத் தொகுப்புகள் அதற்காக ஒரு குறிப்போடு வருகின்றன. இருந்தாலும் மாங்காவின் பொது முகம் எந்த இனத்துக்கும் சொந்தமில்லாத முகம். கேலிக்கு இடம் தராதது அதன் நல்லகாலம். ஒரு மனிதனுக்கு ஊரும் உறவும் இருப்பதையும் சேர்த்து அழித்துவிடுவது அதன் விலை.

இவ்வளவையும் தராசில் வைத்த பிறகு என் தீர்ப்பு இதுதான். ஒரு கணத்தை வரைவதில் மாங்கா மேல். ஒரு ஆளை வரைவதில் ஐரோப்பா மேல். பாத்திரப் படைப்பு என்ற சொல்லை உரிய கறாரோடு எடுத்துக்கொண்டால் இரண்டாவதற்கே கூடுதல் மதிப்பெண் தருவேன். கணங்களை அடுக்கிக்கொண்டே போனால் அது ஆளாகிவிடாது. ஆயிரம் பக்கம் ஒரு கண்ணுக்குள் இருந்துவிட்டு வந்த பிறகும், அந்தப் பெண் கடைத்தெருவில் எதிரே வந்தால் அடையாளம் தெரியாது. ப்ளூபெர்ரியைத் தெரியும். ஜான்-போல் பெல்மோந்தோவின் சாயலில் தொடங்கிய அந்த முகம் ஆல்பத்துக்கு ஆல்பம் அடிவாங்கி, தாடி வளர்ந்து, சுருக்கம் விழுந்து, 1980-ல் ‘உடைந்த மூக்கு’ என்றே ஒரு ஆல்பத்துக்குப் பெயர் கொடுத்தது. காலம் ஒரு முகத்தின் மேல் நடந்துபோன தடத்தை ஜிரோ பதினைந்து இருபது ஆண்டுகள் விடாமல் பின்தொடர்ந்திருக்கிறார்.

இரண்டையும் கலந்தால் போதுமே என்று தோன்றும். கலந்தவர்கள் உண்டு, எல்லோரையும் பாராட்ட முடியாது. ஜிரோ தானிகுச்சியைப் பிரான்ஸ் கொண்டாடியது, மோபியஸோடு சேர்ந்து வேலை செய்தார். அவருடைய தெளிந்த கோடும் அமைதியும் எனக்கும் பிடிக்கும். ஆனால் ‘தொலைவான ஊர்’ என்று சொல்லத்தக்க அவருடைய புகழ்பெற்ற கதையில் 48 வயது மனிதர் ஒருவர் 14 வயது உடம்போடு 1963-க்குத் திரும்புகிறார். பையனின் முகத்தில் நடுவயதுக்காரரின் மனம். ஒரு ஓவியருக்கு இதைவிடப் பெரிய வாய்ப்பு கிடைக்காது. தானிகுச்சி அந்த வேலையைப் பெரும்பாலும் மனப்பேச்சு வரிகளிடம் ஒப்படைத்துவிடுகிறார். முகம் மரியாதையாகச் சும்மா இருக்கிறது. மாங்காவின் கண்ணை விட்டுக்கொடுத்தார், ஐரோப்பாவின் மூக்கை முழுதாக வாங்கவும் இல்லை. எதிர்த்திசையில், 2000-ஐ ஒட்டி இத்தாலியர்களான பார்புச்சியும் கனேபாவும் ‘ஸ்கை டால்’ போன்ற கதைகளில் பெருங்கண்ணை வண்ண ஆல்பத்துக்குள் கொண்டுவந்தார்கள். கண் வந்தது, அது மூச்சுவிட வேண்டிய பக்கங்கள் வரவில்லை. நெருக்கடியான கட்டத்துக்குள் அந்தக் கண் வெறும் அலங்காரமாகிவிட்டது. கட்சுஹிரோ ஓட்டோமோ மட்டும் வேறு ரகம். மோபியஸைப் படித்த அவர் 1982-ல் தொடங்கிய ‘அகிரா’வில் ஜப்பானியர்களுக்கு ஜப்பானிய முகத்தையே திருப்பிக் கொடுத்தார், சிறிய கண்ணும் தட்டையான மூக்குமாக.

ஆனால் இந்த வழக்கில் கடைசிச் சாட்சியாக நான் அழைப்பது நவோகி உராசாவாவை. 1994 முதல் 2001 வரை வந்த அவருடைய ‘மான்ஸ்டர்’ ஜெர்மனியிலும் செக் நாட்டிலும் நடக்கும் கதை. பதினெட்டுத் தொகுதிகள். நூற்றுக்கணக்கான துணைப் பாத்திரங்கள்: போலீஸ்காரர், ஓய்வுபெற்ற ஒற்றர், மதுக்கடைக்காரர், கிராமத்துக் கிழவி. ஒவ்வொருவருக்கும் ஒரு மூக்கு. கொக்கி, கிழங்கு, சப்பை, உடைந்தது. இரண்டே பக்கம் வந்து சாகிறவனுக்குக்கூட உடெர்ஸோ தரத்தில் ஒரு முகம். அதற்கு மேல் மாங்காவின் அருகாமை வேறு. அந்த மூக்குக்கு மேலே இருக்கும் கண்கள் நீர் கட்டும்போது நாம் ஓர் அங்குலத் தூரத்தில் இருக்கிறோம். கிரிம்மர் என்று ஒருவர் வருகிறார். குழந்தைப் பருவத்தில் ஒரு கிழக்கு ஜெர்மன் விடுதி அவரிடமிருந்து உணர்ச்சிகளைப் பிடுங்கிவிட்டது. எங்கே எப்படிச் சிரிக்க வேண்டும் என்பதைப் பெரியவரான பிறகு பயிற்சி செய்து கற்றுக்கொண்டவர். அவருடைய சிரிப்பு எல்லாக் கட்டத்திலும் கொஞ்சம் கூடுதலாகச் சரியாக இருக்கிறது. முகம் சிரிக்க, கண்ணுக்குப் பின்னால் யாரும் இல்லை என்பதை வசனம் வருவதற்கு முன்பே கோடு சொல்லிவிடுகிறது.

அந்த மூக்குகளின் ஊர்வலத்துக்கு நடுவில் யோஹான் நடந்து வருகிறான். கதையின் கொடூரம் முழுவதும் அவனிடமிருந்து கிளம்புகிறது. அவனுக்கு மட்டும் மூக்கு ஒரு மெல்லிய கோடு. சீரான முகம், பெரிய அமைதியான கண், சரிந்த வெளிர் முடி. மாங்கா அரை நூற்றாண்டாக நாயகர்களுக்குக் கொடுத்துவந்த அதே பொது அழகு. முடியை மாற்றி உடையை மாற்றினால் அவன் தன் இரட்டைத் தங்கையாகிவிடுவான். கதையில் ஓரிடத்தில் ஆகியும் விடுகிறான். யாராகவும் இருக்கக்கூடிய அந்த முகம் யாருமில்லாத முகம் என்பதை உராசாவா ஒரு வரிகூட எழுதாமல் சுற்றியுள்ள மூக்குகளைக் கொண்டே நிரூபிக்கிறார். இந்த வித்தையை ஐரோப்பிய ஓவியர் எவரும் செய்திருக்க முடியாது. யோஹானைக் கண்டு நடுங்க, அவனைப் போன்ற முகங்களை ஆயிரக்கணக்கான பக்கங்களில் நம்பி நேசித்த வாசகர் வேண்டும். ப்ளூபெர்ரியை மட்டுமே படித்து வளர்ந்தவருக்கு அவன் ஓர் அழகான பையன், அவ்வளவுதான்.